வெயிட் போடக்கூடாது

என் வீட்டுக்காரர் குணசேகரன் எண்ணுவதை நீங்கள் ஒரு தடவை கேட்க வேண்டும். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று ஒழுங்காகத்தான் ஆரம்பிப்பார். நான் தாளிக்கிறதற்காகச் சமையல்கட்டுப் பக்கம் திரும்பினால் போதும், நாலுக்கு அடுத்து ஏழு வந்துவிடும். ஏழுக்கு அடுத்து பத்து. பத்து முடிந்ததும் மூட்டை தூக்கி இறக்கினவர் போல ஒரு பெருமூச்சு. கட்டிலில் மல்லாந்து படுத்துக்கொண்டு இடது காலை ஒரு சாண் உயரம் தூக்கி இறக்குகிற வேலை. அதில் இவ்வளவு திருட்டுத்தனம்.

நான் பழைய வண்ணாரப்பேட்டையில் ஒரு சட்டைக் கம்பெனியில் செக்கிங் பார்க்கிறேன். பத்தொன்பது வருஷமாக. தைத்து வருகிற சட்டையை உள்பக்கம் திருப்பி, தையல் விட்டிருக்கிறதா, பட்டன் ஓட்டை கோணியிருக்கிறதா, காலர் ஏறி இறங்கியிருக்கிறதா என்று பார்த்து, குறை இருந்தால் அந்தப் பக்கம் தூக்கிப் போட வேண்டும். கெங்கம்மா கையைத் தாண்டி ஒரு குறை வெளியே போகாது என்று எங்கள் சூப்பர்வைசரே சொல்வார். அப்படிப்பட்டவளிடம் வந்து நாலுக்கு அப்புறம் ஏழு என்றால் வயிறு எரியுமா எரியாதா?

மே மாதக் கடைசியில் நடந்தது அது. இவர் கன்டெய்னர் டிரெய்லர் ஓட்டுகிறவர். எண்ணூருக்கும் துறைமுகத்துக்கும் நடுவில் இருபத்திரண்டு வருஷமாக ஓட்டம். அன்றைக்குக் காலை பதினொரு மணிக்கு, எண்ணூர் சாலையில் துறைமுகத்துக்குள் போகிற வரிசையில் வண்டி நின்றிருந்தபோது, கேபினிலிருந்து இறங்கும்போது படி வழுக்கி விழுந்துவிட்டார். இடது முட்டிக்குக் கீழே எலும்பு சிதறிவிட்டது. ஒரு பிளேட்டும் ஆறு ஸ்குருவும் வைத்துச் சேர்த்தார்கள். படி வழுக்கிடுச்சு என்பதற்கு மேல் அவர் யாரிடமும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை, எலும்பைப் பார்க்கவே எனக்கு நேரம் சரியாக இருந்தது.

வண்டியின் முதலாளி அம்புரோஸ் அண்ணன் ஆஸ்பத்திரிக்கே வந்து பார்த்தார். ஆயுத பூஜை வரைக்கும் அந்த வண்டியில் தினக்கூலிக்கு ஆள் போட்டு ஓட்டிக்கொள்கிறேன், பூஜையன்று குணாதான் எலுமிச்சம்பழத்தின் மேல் ஏற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டுப் போனார். அவர் கிறிஸ்தவர்தான். ஆனால் வண்டிகளுக்கு ஒரு வருஷம்கூடப் பூஜை தவறியதில்லை. பூஜை முடிந்து, சக்கரங்களுக்கடியில் வைத்த எலுமிச்சம்பழத்தை நசுக்கிக்கொண்டு முதலில் வண்டியை எடுக்கிறவன் எவனோ அவனுக்குத்தான் அந்த வருஷம் வண்டி. அவர் சொன்னதற்கு மறுபக்கம் எனக்குப் புரிந்தது. அதற்குள் வராவிட்டால் வேறொருவன் ஏற்றுவான். இடது கால்தான் கிளட்ச் மிதிக்கிற கால். அது தேறினால் இவர் டிரைவர், தேறாவிட்டால் ஏதாவது ஒரு கேட்டில் விசில் ஊதுகிற ஆள். இந்தப் பயத்தை நான் பன்னிரண்டு வாரம் மடியில் கட்டிக்கொண்டு அலைந்தேன்.

ஆஸ்பத்திரியை விட்டு அனுப்பும்போது டாக்டர் என்னைப் பார்த்துத்தான் சொன்னார், "ஆறு வாரத்துக்கு வெயிட் போடக்கூடாதும்மா. கண்டிப்பா."

சரி என்று தலையாட்டினேன். நியாயம்தானே. வாட்டசாட்டமான ஆள், ஆறு வாரம் கட்டிலில் கிடந்தால் ஊதிப் போய்விடுவார், அப்புறம் அந்த உடம்பை ஒட்டுப்போட்ட கால் எப்படித் தாங்கும்? வீட்டுக்கு வந்த அன்றே சோற்றை நிறுத்தினேன். காலையில் கேழ்வரகுக் கூழ், மத்தியானம் ரெண்டு சப்பாத்தி, ராத்திரி வெள்ளரிக்காய். ஞாயிற்றுக்கிழமை காசிமேட்டிலிருந்து வருகிற மீனுக்குத் தடை. கீழ்வீட்டில் மளிகைக்கடை வைத்திருக்கிற ரோஸ்மேரி அக்கா, நாசரேத் பக்கத்துக்காரர், தன் உடம்பைக் குறைக்க வாங்கி ஒரு நாளும் ஏறாத எடை மிஷின் ஒன்றைக் கொடுத்தார். முள் சுற்றுகிற பழைய மாதிரி. வாரம் ஒரு நாள் இவரை அதன்மேல் ஏற்றி நிறுத்துவேன். வாக்கரைப் பிடிக்காமல், என் தலைமேல் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு, வலது காலில் கொக்கு மாதிரி நிற்பார். இடது கால் அந்தரத்தில் இருக்கும். வலி போலிருக்கிறது, பாவம் என்று நினைத்தேன். எழுபத்தாறு கிலோ எழுபத்தொன்று ஆனது. பசிக்கிறது என்று ஒரு நாள்கூட வாய்விட்டுச் சொல்லவில்லை. இருபத்திரண்டு வருஷத்தில் என் பேச்சை இவ்வளவு பணிவாக அவர் கேட்டதே இல்லை. அப்போதே எனக்குச் சந்தேகம் வந்திருக்க வேண்டும்.

ஆறாவது வாரம் போய்க் காட்டினோம். டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "நல்லா சேர்ந்திருக்கு. இனிமே வெயிட் போடலாம். கொஞ்சம் கொஞ்சமா, தைரியமா போடுங்க" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. நான் மருந்துக்கு வரிசையில் நின்ற அரை மணி நேரம் இவரைப் பிசியோதெரபி அறைக்குக் கூட்டிப் போனார்கள். அங்கே கீர்த்தி என்கிற பெண். பயிற்சிகளைப் படம் போட்டு ஒரு தாளில் கொடுத்திருந்தாள். வெளியே வந்தவர் முகம் சுண்டிப் போயிருந்தது. என்ன சொன்னாள் என்று கேட்டேன். தாளில் இருக்கிற எக்சர்சைஸ்தான் என்றார்.

அன்றைக்கு ஆரம்பித்தது சாப்பாடு. ஆடி மாதம் வேறு. கூழும் கருவாட்டுக் குழம்பும் ஒரு பக்கம், எலும்புக்கு நல்லது என்று ஆட்டுக்கால் சூப் ஒரு பக்கம், வஞ்சிரம், இறால் தொக்கு, முட்டை, நேந்திரம்பழம். கம்பெனியிலிருந்து மெட்ரோவில் திருவொற்றியூர் வந்து இறங்கி, பையைத் தூக்கிக்கொண்டு ரெண்டு மாடி ஏறி, அடுப்பைப் பற்றவைத்து நிற்பேன். டாக்டர் சொல்லிட்டாரு, போடு என்று தட்டை நீட்டுவார். ஒரு வாய் மிச்சம் வைத்ததில்லை.

சாப்பிடுகிற அக்கறையில் கால்வாசி அந்தக் கால்மேல் இருந்ததா என்றால், இல்லை. தாளைச் சுவரில் ஒட்டி, பக்கத்தில் பேனாவைக் கட்டித் தொங்கவிட்டேன். தொடையை இறுக்கிப் பிடிப்பது பத்து, காலைத் தூக்கி நிறுத்துவது பத்து, குதிகாலை இழுத்து முட்டியை மடக்குவது பத்து, ரப்பர் பட்டையைக் காலில் மாட்டித் தள்ளுவது பத்து. ஒரு நாளைக்கு மூன்று வேளை. சாயங்காலம் வந்து பார்த்தால் எல்லாக் கட்டத்திலும் டிக் இருக்கும், நாளைய கட்டத்திலும் ஒன்று இருக்கும். மத்தியானம் கம்பெனியிலிருந்து போன் செய்தால், ம்ம்... ஹ்ம்ம்... என்று முக்குகிற சத்தம் கேட்கும், பின்னாலேயே டிவியில் கூட்டம் சிரிக்கிற சத்தமும் கேட்கும். கல்யாணமாகி மணலியில் இருக்கிற எங்கள் பெண் மதி ஒரு வீடியோ அனுப்பினாள். அதில் வயிறெல்லாம் கட்டுகட்டாக இருக்கிற ஒரு பையன், காலையில் நாலு மணிக்கு எழுந்து கண்ணாடியைப் பார்த்து உன்னால் முடியும் என்று சொல்லச் சொன்னான். இவர் அதை முழுக்கப் பார்த்தார். நல்லா பேசறான், இன்னொன்னு போடு என்றார். மூன்று பார்த்துவிட்டுத் தூங்கிப்போனார்.

கெஞ்சினேன். ஒரு சுற்று முடித்தால் மிளகாய் பஜ்ஜி என்றேன். பஜ்ஜி தீர்ந்தது, சுற்று முடியவில்லை. திட்டினேன். பக்கத்தில் நானும் படுத்து என் காலையும் தூக்கிக்காட்டினேன், எனக்குத் தொடை பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். என்னய்யா உன் பிரச்சினை என்று ஒரு நாள் முறத்தைப் போட்டுவிட்டுக் கேட்டேன். மனசு வர்ல கெங்கு என்றார். மனசு வரவில்லையாம். எனக்கு மட்டும் தினமும் முந்நூறு சட்டையைத் திருப்பிப் பார்க்க மனசு துள்ளிக் குதித்துக்கொண்டு வருகிறதா? அம்புரோஸ் அண்ணன் வாரம் ஒரு தடவை போன் செய்வார். அந்த நேரம் பார்த்து இவருக்குக் கக்கூஸ் வந்துவிடும். வாக்கரில் தத்தித் தத்தி, இடது காலைத் தரையில் படாமல் தூக்கிக்கொண்டே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார். நான்தான் பேச வேண்டும். தேறிகிட்டு வர்றாருண்ணா, பூஜைக்கு வந்துருவாரு என்பேன்.

பன்னிரண்டாவது வாரம் மறுபடி ஆஸ்பத்திரி. டாக்டர் டேப்பை வைத்து ரெண்டு தொடையையும் அளந்தார். இடது தொடை ஐந்து சென்டிமீட்டர் சுருங்கியிருந்தது. அவர் முகம் மாறியது.

"என்னம்மா இது? வெயிட் போடச் சொன்னேனே, போட்டாரா இல்லையா?"

"ஏழு கிலோ போட்டிருக்கார் சார்" என்றேன், பெருமையாக.

டாக்டர் பேனாவைக் கீழே வைத்தார். சிரிப்பதா திட்டுவதா என்று தெரியாமல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். அப்புறம் பொறுமையாக விளக்கினார். வெயிட் போடக்கூடாது என்றால் காலைத் தரையில் ஊன்றி உடம்பின் பாரத்தை அதன்மேல் போடக்கூடாது என்று அர்த்தமாம். வெயிட் போடலாம் என்றால் ஊன்றி நடக்கலாம் என்று அர்த்தமாம். ஆறு வாரத்துக்கு முன்பே நடந்திருக்க வேண்டிய கால் இது, ஊன்றாமல் விட்டதால் சதை வற்றிவிட்டது என்றார். எனக்குப் பூமி பிளந்து உள்ளே போய்விடலாம் போல இருந்தது. பட்டினி போட்டதும் நான், தின்னக் கொடுத்ததும் நான். ஒரு வார்த்தையை உள்பக்கம் திருப்பிப் பார்க்கத் தெரியாமல் ஒரு மனுஷனின் காலைக் கெடுத்துவிட்டேன். இவர் பக்கத்தில் உட்கார்ந்து தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

அடுத்து பிசியோதெரபி அறை. இந்தத் தடவை நானும் உள்ளே போனேன். என்னால்தான் எல்லாம் என்று கீர்த்தியிடம் ஒன்று விடாமல் ஒப்பித்தேன். அவளுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. சிரித்து முடித்துவிட்டு, "ஆனா சாருக்கு நான் அன்னைக்கே செஞ்சு காட்டினேனேக்கா" என்றாள்.

மூலையிலிருந்த எடை மிஷினைக் காட்டினாள். ரோஸ்மேரி அக்கா கொடுத்ததைப் போலவேதான் இருந்தது. ஊன்ற வேண்டிய காலை மிஷின்மேல் வைக்க வேண்டும், மற்றக் காலை அதே உயரத்துக்கு ஒரு பலகைமேல் வைக்க வேண்டும். வாக்கரைப் பிடித்துக்கொண்டு முள் இருபதுக்கு வருகிறவரைக்கும் அழுத்த வேண்டும். ஒரு வாரம் போனால் முப்பது, அடுத்த வாரம் நாற்பது. அன்றைக்கு சார் முதல் தடவையே இருபது வரைக்கும் அழுத்தினாரே, வீட்டில் மிஷின் இருக்கிறது, தினமும் செய்கிறேன் என்று சொன்னாரே, இல்லையா சார் என்று கேட்டாள். சார் வாக்கரின் ரப்பர் பிடியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

ஆட்டோவில் வீட்டுக்குத் திரும்பினோம். ராயபுரத்திலிருந்து திருவொற்றியூர் வரைக்கும் பக்கத்தில் டிரெய்லர்கள் உறுமிக்கொண்டு நின்றன. ஒவ்வொரு தடவை ஒரு வண்டி ஒட்டி வரும்போதும் இவர் என் பக்கமாக நகர்ந்தார். இடம் பற்றவில்லை என்று நினைத்துத் தள்ளி உட்கார்ந்தேன். மனசுக்குள் பன்னிரண்டு வாரத்தையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன். வெயிட் போடக்கூடாது என்றபோது ஒரு நாள்கூடக் காலைத் தரையில் வைக்காதவர் இவர். நான் சோற்றைக் குறைத்தேன், அவர் காலைத் தூக்கிக்கொண்டார். அர்த்தம் தெரிந்த ஆளுக்குத்தானே அப்படித் தூக்கிக்கொள்ளத் தோன்றும்? அப்படியானால் முதல் நாளே தெரியும். பட்டினி கிடந்ததும் தெரிந்தேதான், அப்புறம் தட்டை நீட்டியதும் தெரிந்தேதான்.

வீட்டுக்கு வந்து அவரைக் கட்டிலில் உட்கார வைத்துவிட்டு எதிரே நின்றேன்.

"ஒனக்குத் தெரியும். தெரிஞ்சிகினே துன்ன."

அவர் வாக்கரைச் சுவரோரம் தள்ளினார்.

"டாக்டராண்ட நான் கூனிக் குறுகி நின்னேன்யா. ஒரு வார்த்த சொன்னியா நீ? ஆடி வெயில்ல கால் கடுக்க நின்னு வஞ்சிரம் வாங்கியாந்தேன். நாளிக்கி வண்டி போச்சின்னா ஊரு இன்னா சொல்லும்? பொண்டாட்டி ஊட்டி ஊட்டியே கெடுத்தான்னு சொல்லும். இன்னா வேணும் ஒனக்கு? சொல்லித் தொல."

அவர் ஜன்னல் பக்கம் திரும்பினார். கீழே சாலையில் ஒரு டிரெய்லர் ஏர் பிரேக்கை விட்டது. புஸ்ஸென்ற அந்தச் சத்தத்துக்கு அவர் தோள் ஒரு தடவை ஏறி இறங்கியது. பன்னிரண்டு வாரமாக அந்தச் சத்தம் இந்த ஜன்னலில் வந்துகொண்டுதான் இருந்தது. நான் இன்றைக்குத்தான் அவர் தோளைப் பார்த்தேன்.

"படி வயுக்கனது மட்டும் இல்ல கெங்கு" என்றார். "கீய வியுந்தேன்ல, பக்கத்து லைனு நவுந்துச்சி. அந்த டிரைவருக்கு நான் வியுந்தது தெர்ல. என் தலையாண்டயே டயரு போவுது. முடி மேல காத்து அடிக்குது. காலு ஒடஞ்சது எனுக்கு வலிக்கவே இல்ல. டயர எண்ணிகினு கெடந்தேன். ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு. நாலு வரிக்கும்தான் எண்ணேன்."

நாலுக்கு அப்புறம் என்ன என்று நான் கேட்கவில்லை.

"கால ஊனுனா நட வந்துரும். நட வந்துச்சின்னா அம்புரோஸண்ணன் சாவிய எட்த்துகினு வந்துருவாரு. எனுக்கு வண்டின்னா பயமா கீது."

இருபத்திரண்டு வருஷத்தில் இந்த மனுஷன் பயம் என்ற வார்த்தையைச் சொல்லி நான் கேட்டதில்லை. புயல் அடித்த அன்றைக்குக்கூட வண்டியை எடுத்துப் போனவர். எனக்கு அழுகை வந்திருக்க வேண்டும். வரவில்லை, ஆத்திரம்தான் வந்தது. ஒரே ஒரு வார்த்தை. அதைச் சொல்ல ஒரு ஆளுக்குப் பன்னிரண்டு வாரமும் ஏழு கிலோவும் வேண்டியிருந்தது. அதைவிட ஆத்திரம் என்மேல். ஊரான் சட்டையை எல்லாம் திருப்பிப் பார்த்தவள், கூடவே படுத்துக் கிடந்த ஆளைத் திருப்பிப் பார்க்கவில்லை. பூஜை, வண்டி, பூஜை, வண்டி என்று தினமும் அவர் காதில் ஓதினதும் நான்தான்.

போனை எடுத்து அவர் மடியில் போட்டேன்.

"வண்டி ஏறு, ஏறாத, அது ஒன் இஷ்டம். காலு இன்னா வண்டிக்கா கீது? கடைக்கிப் போவ வாணாமா, பொண்ணு வூட்டுக்குப் போவ வாணாமா? அவருக்குப் போனப் போட்டு நீயே சொல்லு. இனிமே நான் பொய் சொல்ல மாட்டேன்."

அவர் போனைக் கையில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் சமையல்கட்டுக்குப் போய் வெறும் பாத்திரத்தைக் கழுவினேன். அம்புரோஸ் அண்ணன் எடுத்தது கேட்டது. கால் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் கேட்டிருப்பார்.

"காலு நல்லாத்தான் கீதுண்ணா" என்றார் இவர். "நான்தான் ஏற மாட்டேன். பூஜைக்கி வேற ஆள ஏத்தச் சொல்லு."

அப்புறம் நிறைய நேரம் அந்தப் பக்கம்தான் பேசியது. இவர் உம் கொட்டினார், ஒரு தடவை மூக்கை உறிஞ்சினார். போனை வைத்ததும் வந்து கேட்டேன். கன்டெய்னர் அடுக்கி வைக்கிற யார்டுக்குள் ஏதாவது வேலை இருந்தால் பார்க்கலாம் என்றாராம், உறுதியாக எதுவும் சொல்லவில்லையாம். எதற்கும் பூஜையன்று வந்து பொரி பொட்டலமாவது வாங்கிக்கொண்டு போ என்றாராம். இருபத்திரண்டு வருஷ ஓட்டம் அந்த ஒரு போனில் முடிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்தேன், மாவுக்கட்டை அவிழ்த்துவிட்ட கை மாதிரி வெளுத்து, லேசாக இருந்தது.

கட்டிலுக்கடியிலிருந்து ரோஸ்மேரி அக்காவின் மிஷினை இழுத்துப் போட்டேன். பக்கத்தில் மணைப்பலகையை வைத்தேன். எழுந்திரு என்றேன். இப்பவா என்றார். பின்னே ஆயுத பூஜைக்கா என்று கேட்டேன்.

வலது காலைப் பலகையில் வைத்து நின்றார். ஒரு கை வாக்கரில், ஒரு கை என் தோளில். இடது காலை மிஷினுக்குமேல் கொண்டுபோய் அப்படியே அந்தரத்தில் நிறுத்தினார். கண்ணை மூடிக்கொண்டார்.

"நீ எண்ணு" என்றார்.

பாதம் பட்டது. முள் அசைந்தது. ஒண்ணு என்றேன். ரெண்டு. மூணு. நாலு. அங்கே நின்றுவிட்டது. என் தோளை அவர் விரல்கள் பிடுங்கிவிடுகிற மாதிரி பிடித்தன. கீழே ஏதோ ஒரு வண்டி உறுமிக்கொண்டு போய்த் தேய்ந்தது. நான் அவசரப்படுத்தவில்லை. அஞ்சு என்று சொல்ல வாயைத் திறந்து வைத்துக்கொண்டு முள்ளையே பார்த்தேன்.

அஞ்சு. ஆறு. ஏழு. அதற்கப்புறம் கொஞ்சம் கொஞ்சமாக ஏறியது. பத்து, பன்னிரண்டு, பதினாலு. அவர் நெற்றியில் வேர்வை கோர்த்து மூக்கில் இறங்கியது. பதினாறு வந்ததும் முள் நடுங்கி நின்றது. அதற்கு மேல் ஏறவில்லை.

"எவ்ளோ?" என்று கண்ணைத் திறக்காமல் கேட்டார்.

பத்தொன்பது வருஷமாக என் கையைத் தாண்டி ஒரு குறையும் வெளியே போனதில்லை.

"இருவது" என்றேன்.